விசிலை எண்ணாதீர்கள், மணியைக் கடித்துப் பாருங்கள்

முழுக் கோதுமையை மாவாக்காமல், ரவையாக உடைக்காமல், அப்படியே வேகவைத்துச் சோறு போலப் பரிமாறலாம் என்று சென்ற இதழின் சமையல் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த மாதப் பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். கீழே கப் என்று வருமிடமெல்லாம் 200 மில்லி கப். தலைதட்டி அளந்தால் அதில் முழுக் கோதுமை ஏறக்குறைய 160 கிராம் இருக்கும். கரண்டி என்பது 5 மில்லி டீஸ்பூன்.

ரேஷன் கோதம்பை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, குக்கரில் ஆறு விசில் விட்டேன். ஆனாலும் ரப்பர் மாதிரி சவசவன்னு இருக்கு. பிள்ளைகள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். கோதம்பு மோசமா, குக்கர் மோசமா?
— வாசகி, மார்த்தாண்டம்

இரண்டுமே நல்லதாகத்தான் இருக்கும். அரிசிக்குப் போடும் கணக்கைக் கோதுமைக்கும் போட்டதுதான் சிக்கல். நாம் பொங்கும் அரிசி தவிடு நீக்கியது. தண்ணீர் நாலாபக்கமும் நுழையும். முழுக் கோதுமையில் தவிட்டுத் தோல் அப்படியே இருக்கிறது. ஈரம் முதலில் முளை இருக்கும் நுனி வழியாகத்தான் உள்ளே போகும், பிறகு மெல்ல நடுவுக்கு நகரும். நடுவரை ஈரம் போய்ச் சேராத மணியை அவசரமாக ஆவியில் போட்டால் மேல்புறம் மட்டும் மெத்தென்றாகி, உள்ளே வெந்தும் வேகாமலும் நிற்கும்.

விசில் கணக்கை நம்ப முடியாது. பெரிய தீயில் ஆறு விசில் எட்டு நிமிடத்தில் வந்து முடிந்துவிடும். சிறு தீயில் அதே ஆறுக்கு அரை மணி நேரமும் ஆகலாம். கோதுமைக்கு நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கப் கோதுமையைக் கல், பதர் பொறுக்கி, தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். மூன்று கப் தண்ணீரில் 8 மணி நேரம் ஊறட்டும். 160 கிராம் மணி ஊறி முடிக்கும்போது 230 கிராம் அளவுக்கு வந்திருக்கும். தராசு இல்லையென்றால் ஒரு மணியை நகத்தால் அழுத்துங்கள், நகம் பதிய வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் மூன்று கப், உப்பு அரைக் கரண்டி, தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி சேர்த்துக் குக்கரை மூடுங்கள். எண்ணெய் ருசிக்காக அல்ல, பொங்கும் நுரையை அடக்க. நுரை மேலேறினால் வெயிட் உட்காரும் குழாய் அடைத்துக்கொள்ளும். அதே காரணத்தால் தானியமும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதியைத் தாண்டக் கூடாது. முதல் விசில் வரை பெரிய தீ, அதன்பின் சிறு தீயில் 25 நிமிடம். அடுப்பை அணைத்தபின் 15 நிமிடம் தொடாதீர்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டினால் அந்தக் கடைசி வேக்காடு கிடைக்காது, தோலும் கிழியும்.

திறந்ததும் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என மூன்று மணிகளை எடுங்கள். ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் 10 நிமிடம் வேக வேண்டும். புள்ளி இல்லாமல், பத்தில் ஒன்றிரண்டு மணி வெடித்து வாய் திறந்திருந்தால் பதம் சரி. பாதிக்கு மேல் வெடித்திருந்தால் அது கஞ்சிக்குத்தான் ஆகும். பதம் வந்ததும் கண்ணுள்ள பாத்திரத்தில் வடித்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஈரத்தை மணி இழுத்துக்கொண்டு உதிரியாகும்.

நன்றாக ஊறியும், நேரம் கொடுத்தும் வேகவில்லையென்றால் மூன்று இடங்களில் சந்தேகப்படலாம். முதலாவது தானியத்தின் வயது. நெடுநாள் கிடங்கில் கிடந்த மணி காய்ந்து இறுகியிருக்கும். அதற்கு ஊறல் ஃப்ரிட்ஜில் 12 மணி நேரம், வேக்காடு 35 நிமிடம் என்று கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்தது தண்ணீர். கடலோர ஊர்களில் சில ஆழ்துளைக் கிணறுகளில் வரும் உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரில் பயறு வேகச் சிரமப்படுகிறதென்றால் கோதுமையையும் அதில் போடாதீர்கள். மூன்றாவது, வேகும் முன்பே புளி, தக்காளி, மோர் போன்ற புளிப்பைச் சேர்ப்பது. புளிப்பு தோலை மென்மையாக விடாது. வெந்தபின்தான் புளிப்பு.

சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும் என்பார்கள். வேகும்தான். ஆனால் மணி மஞ்சளடித்து, சோப்பு வாடை வந்து, தயமின் என்ற பி1 வைட்டமினும் அழியும். நேரம் மிச்சப்படுத்த அது தேவையில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும்: சரியாக வெந்த முழுக் கோதுமையும் கொஞ்சம் மென்றுதான் தின்ன வேண்டும். சோறு போலக் குழையாது. பிள்ளைகளுக்கு முதலில் சோறு முக்கால், கோதுமை கால் என்று கலந்து கொடுங்கள். இரண்டையும் தனித்தனியாக வேகவைத்துப் பிறகு கலப்பதே வழி. ஒன்றாகப் போட்டால் கோதுமை வேகும்போது அரிசி கூழாகியிருக்கும்.

வடிக்கும் தண்ணீரைக் கொட்டினால் சத்தெல்லாம் போய்விடும் என்று மைனி சண்டைக்கு வருகிறாள். அளவாகத் தண்ணீர் வைத்து வற்ற விடலாமா?
— வாசகி, தக்கலை

மைனி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பி வைட்டமின்களில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில்தான் இறங்கும். ஆனால் அளவுத் தண்ணீர் வைத்தால், எந்த மணி எவ்வளவு குடிக்கும் என்பது மாறுவதால், ஒரு நாள் அடிபிடிக்கும், ஒரு நாள் வேகாது. தாராளமாக வைத்து வடியுங்கள். வடித்ததை ரசத்துக்கோ குழம்புக்கோ ஊற்றிவிட்டால் சண்டையும் முடியும். லேசான கெட்டி இருக்கும், நல்லமிளகு ரசத்துக்கு நன்றாகவே சேரும். ஊறவைத்த தண்ணீர் வேறு, அதைக் கொட்டத்தான் வேண்டும்.

ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் லீவுக்கு வந்தபோது "டிங்கல்" என்று அச்சடித்த இரண்டு பாக்கெட் கொண்டு வந்தாள். பார்த்தால் கோதம்பு மாதிரியே நீளமாக இருக்கிறது. நம்ம கோதம்பு போலவே வேகவைக்கலாமா? ஒரு பாக்கெட்டில் புகை வாசம் வேறு வருகிறது, கெட்டுப்போய்விட்டதா?
— வாசகி, குளச்சல்

டிங்கல் என்று ஜெர்மானியர் சொல்வது ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை இனம். நம் சப்பாத்திக் கோதுமைக்கு நெருங்கிய உறவு, இரண்டுக்கும் 42 குரோமோசோம்கள். வேறுபாடு உமியில் இருக்கிறது. சாதாரணக் கோதுமையை அடித்தால் உமி உதிர்ந்துவிடும். ஸ்பெல்ட்டின் உமி மணியோடு இறுகிப் பிடித்திருக்கும், நெல்லைப் போல ஆலையில் தனியாக நீக்க வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது உமி நீக்கிய மணி.

வேகவைப்பதற்கு முன் பாக்கெட்டில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நேரம் மூன்று மடங்கு வரை மாறும். பழுப்புத் தோலோடு முழுதாக இருந்தால்: ஊறவைக்காமல் திறந்த பாத்திரத்தில் 50 முதல் 60 நிமிடம், 8 மணி நேரம் ஊறியது 35 முதல் 45 நிமிடம், ஊறியதைக் குக்கரில் போட்டால் முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் போதும். கோதுமைக்குச் சொன்ன 25 நிமிடத்தை இதற்குக் கொடுத்தால் மணியெல்லாம் வெடித்துக் களியாகும். தோல் சீவப்பட்டு மணி வெளிறி, முனை மழுங்கியிருந்தால் அது தீட்டிய ஸ்பெல்ட். டிங்கல்ரைஸ் என்ற பெயரிலும் வரும். அதை ஊறவைக்கவே வேண்டாம், குக்கரும் வேண்டாம். ஒரு கப்புக்கு மூன்று கப் கொதிநீரில் 20 முதல் 25 நிமிடம், அரிசி போல வடித்துவிடலாம்.

புகை வாசம் வரும் பாக்கெட்டில் மணி பச்சை கலந்த பழுப்பாக இருக்கிறதா பாருங்கள். பெயர் க்ரூன்கெர்ன் என்றிருந்தால் கவலை வேண்டாம். ஸ்பெல்ட்டைப் பால் பிடித்த பருவம் தாண்டியதும் பச்சையாகவே அறுத்து, சூட்டில் காயவைத்து எடுப்பது அது. புகை வாசம் அதன் இயல்பு. பூஞ்சை வாடை, எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் மட்டும் கொட்டுங்கள். க்ரூன்கெர்னைப் பாயசத்துக்குப் போடாதீர்கள், புகை தூக்கி அடிக்கும். சின்ன உள்ளியும் நல்லமிளகும் போட்டுக் கஞ்சி வைத்தால் பொருந்தும்.

ஸ்பெல்ட்டும் கோதுமைதான் என்பதை மறக்க வேண்டாம். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாத சீலியாக் நோய் இருப்பவர்களுக்கு, கோதுமை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இதுவும் ஆகாது. பழைய இனம் என்பதால் பரவாயில்லை என்று சிலர் சொல்வது ஆபத்தான பேச்சு.

பாக்கெட் தீர்ந்தபின் நம் நாட்டில் அதற்கு மாற்று தேடுவதென்றால் கப்ளி கோதுமை கிடைக்கும். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் விளைவது. எம்மர் என்ற வேறொரு உமிக் கோதுமை. ஸ்பெல்ட் அல்ல, 28 குரோமோசோம்தான். ஆனால் தட்டில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. நீளமான, செம்பழுப்பு மணி. ஸ்பெல்ட்டை விடக் கடினம் என்பதால் ஊறியதைக் குக்கரில் 20 நிமிடம் வைத்துப் பதம் பாருங்கள்.

கோட்டாறு சந்தையில் சம்பா கோதம்பு, பஞ்சாப் கோதம்பு, பாலிஷ் கோதம்பு என்று மூன்று சொல்கிறார்கள். முழுதாக வேகவைக்க எது?
— வாசகர், நாகர்கோவில்

சம்பா கோதுமை என்ற பெயரில் கடைக்குக் கடை வேறு தானியம் வருகிறது, பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையில் பத்து மணி எடுத்துப் பாருங்கள். நீளமாக, கண்ணாடி போல மினுங்கி, கடித்தால் டக்கென்று உடைவது கடினக் கோதுமை. வெந்தபின் உதிரியாக நிற்கும், சோற்றுக்கும் துவரனுக்கும் (தேங்காய் அரைப்பு போட்ட பொரியல்) அதுவே நல்லது. குட்டையாக, வெளிறிய மாவு வயிறோடு இருப்பது சீக்கிரம் குழையும். கஞ்சிக்கும் பாயசத்துக்கும் எடுக்கலாம். பாலிஷ் கோதுமையில் தோல் பாதி போயிருக்கும், அதற்கு 2 மணி நேர ஊறலும் குக்கரில் 12 நிமிடமும் போதும். ஓட்டை விழுந்த மணி, கையில் ஒட்டும் வெள்ளை மாவு, புழுங்கல் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள்.

கோதம்பு பாயசம் வைத்தேன். குக்கரில் நன்றாக வெந்திருந்தது, கருப்பட்டி போட்டதும் மணி திரும்ப விறைத்துவிட்டது. தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதித்ததும் திரிந்தும் போனது. அளவோடு சொல்ல முடியுமா?
— வாசகி, திங்கள்சந்தை

இரண்டு கோளாறுக்கும் காரணம் தனித்தனி. சர்க்கரைச்சத்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். முக்கால் வேக்காட்டில் இருக்கும் மணி கருப்பட்டிப் பாகில் விழுந்தால் அதற்குமேல் ஈரம் குடிக்காது. உள்ளிருப்பதையும் இழந்து இறுகும். குக்கரில் வெந்தது போலத் தோன்றினாலும் பாயசத்துக்கு அந்த வேக்காடு போதாது. இரண்டு விரலில் நசுக்கினால் எதிர்ப்பில்லாமல் மசிய வேண்டும், சோற்றுக்கான பதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். கருப்பட்டி போட்டபின் எவ்வளவு நேரம் கிண்டினாலும் திரும்ப மென்மையாகாது.

தேங்காய்ப்பாலின் புரதம் 80 டிகிரி செல்சியஸை ஒட்டித் திரளத் தொடங்கும். இரண்டாம் பால் தண்ணீர் கூடியது, கிண்டிக்கொண்டே இருந்தால் தாங்கும். முதல் பால் தாங்காது. அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் அதை ஊற்ற வேண்டும்.

எட்டுப் பத்துப் பேருக்கு அளவு: கோதுமை ஒரு கப், கருப்பட்டி 350 கிராம், பெரிய தேங்காய் இரண்டு, நெய் 50 கிராம், சுக்குப்பொடி அரைக் கரண்டி, வறுத்த சீரகப்பொடி கால் கரண்டி, ஏலக்காய் 6, தேங்காய்ப் பல் இரண்டு கைப்பிடி. வெல்லமும் போடலாம், பாயசம் சிவக்கும். கருப்பட்டியில் கறுக்கும், ருசி கனமாக இருக்கும்.

முழு மணியை அப்படியே போடுவதைவிடத் தோலை லேசாகக் குத்தி எடுப்பது நல்லது. கோதுமை மேல் 30 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசறி 20 நிமிடம் மூடி வையுங்கள். தோல் மட்டும் ஈரமாகி நெகிழும், உள்ளே காய்ந்தே இருக்கும். உரலில் போட்டு மெல்லக் குத்தி, சுளவில் புடைத்தால் உமிபோலத் தவிடு பறக்கும். உரல் இல்லாதவர்கள் மிக்ஸியில் இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று என்று நான்கைந்து முறை விட்டு நிறுத்துங்கள். மணி இரண்டாக உடைந்தால் பரவாயில்லை, பொடியானால் பாயசம் கூழ்.

குத்திய கோதுமையை 2 மணி நேரம் ஊறவைத்து, மூன்றரைக் கப் தண்ணீரில் குக்கரில் வேகவையுங்கள். முதல் விசிலுக்குப்பின் சிறு தீயில் 15 நிமிடம், ஆவி தானாக அடங்கட்டும். கருப்பட்டியை ஒரு கப் தண்ணீரில் தனியாகக் கரைத்து அவசியம் வடிகட்டுங்கள். அக்கானி (பதநீர்) இறக்கும் கலயத்தில் தடவும் சுண்ணாம்பின் மிச்சமும் மணலும் அடியில் தங்கும். உருளியில் பாகை ஊற்றி, வெந்த கோதுமையைத் தண்ணீரோடு சேர்த்து, நெய்யில் பாதியை இடையிடையே விட்டு மிதமான தீயில் வரட்டுங்கள். கரண்டியை இழுத்தால் அடிப்பாத்திரம் ஒரு நொடி தெரிந்து மூடும்வரை, 15 நிமிடம் போல ஆகும். அவசரப்பட்டு இந்த இடத்தைக் கடந்தால் இனிப்பு வேறு, கோதுமை வேறு என்று நிற்கும்.

இரண்டாம் பால் மூன்று கப் ஊற்றி, கொப்புளம் வெடிக்காத சிறு தீயில் 10 நிமிடம். அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து முதல் பால் ஒரு கப், பிறகு சுக்கு, சீரகம், ஏலம். மீதி நெய்யில் தேங்காய்ப் பல்லைச் சிவக்க வறுத்துக் கொட்டுங்கள். ஆறினால் இறுகும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் நீர்த்தே இருக்கட்டும். தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் ஊற்றுபவர்கள் கருப்பட்டிப் பாயசத்தை ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலைக் கலக்க வேண்டும். சூட்டோடு சேர்ந்தால் கருப்பட்டியின் லேசான புளிப்பே பாலைத் திரிக்கும்.

ஊறவைத்த கோதம்பு காலையில் நுரைத்து, புளித்த வாடை அடிக்கிறது. கழுவிச் சமைக்கலாமா?
— வாசகி, குலசேகரம்

லேசான புளிப்பு, வழவழப்பு இல்லை என்றால் நான்கு முறை அலசிச் சமைக்கலாம், கஞ்சியில் அந்தப் புளிப்பு நன்றாகக்கூட இருக்கும். கையில் நூல் போல வழுக்கினால், அழுகல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் 8 மணி நேரத்துக்கு மேல் வெளியே ஊறுவது கோதுமைக்கு அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் 5, 6 மணி நேரமே போதும், வெதுவெதுப்பில் ஈரம் சீக்கிரம் ஏறும். இரவு முழுக்க விட வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து 12 மணி நேரம் ஊறவையுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சோற்றை நிறுத்திவிட்டு முழுக் கோதம்பு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
— வாசகர், கருங்கல்

எவ்வளவு வேண்டுமானாலும் என்பது தவறு. வெந்த கோதுமை 150 கிராமில் ஏறக்குறைய 43 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே எடை சோற்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வேறுபாடு நார்ச்சத்தில்: கோதுமையில் 7 கிராம் போல வரும், வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட வராது. மணி முழுதாக, தோலோடு, மென்று தின்னும்படி இருப்பதால் மாவுச்சத்து மெல்லச் செரித்து, ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும். அதையே மாவாக அரைத்தோ கூழாகக் குழைத்தோ கொடுத்தால் அந்த நன்மையில் பெரும்பங்கு போய்விடும்.

ஆகவே அளவு சோற்றளவுதான், பதம் உதிரிதான். தட்டில் பாதி துவரன், அவியல், கீரை இருக்கட்டும், கூட மீனோ பயறோ. இன்சுலினோ சர்க்கரைக் குறைப்பு மாத்திரையோ எடுப்பவர் என்றால் சாப்பாட்டை மாற்றும் வாரத்தில் சாப்பாட்டுக்கு முன்னும் 2 மணி நேரம் கழித்தும் அளந்து பார்த்து, அந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். பல் இல்லாத பெரியவர்களுக்கு முழு மணியைக் கொடுத்துப் படுத்தாதீர்கள். மெல்லாமல் விழுங்கினால் வயிறு உப்பும்.

எலக்ட்ரிக் குக்கரில் வைக்கலாமா?
— வாசகி, பூதப்பாண்டி

பிரஷர் வகை என்றால் ஊறியதற்கு 20 முதல் 25 நிமிடம், ஊறாததற்கு 40 நிமிடம், இரண்டுக்கும் ஆவி தானாக அடங்க 15 நிமிடம். சாதாரண ரைஸ் குக்கர் தண்ணீர் வற்றியதும் அணைந்துவிடும், கோதுமை வெந்ததா என்று அதற்குத் தெரியாது. முதல் முறை அணைந்ததும் ஒரு கப் கொதிநீர் ஊற்றி மறுபடி போட வேண்டும். அதற்கு அடுப்பிலேயே வைத்துவிடலாம்.

ஒரு தடவையில் நிறைய வேகவைத்து வைத்துக்கொள்ளலாமா? மிச்சத்தை என்ன செய்வது?
— வாசகி, தோவாளை

வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தானியத்தில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது விடும் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம். சோறு ஃப்ரிட்ஜில் விறைத்துப்போகிற அளவுக்குக் கோதுமை விறைக்காது, கொதிநீரை மேலே ஊற்றி ஒரு நிமிடம் கழித்து வடித்தால் பழைய பதம் வந்துவிடும்.

மிச்சத்துக்குச் சிறந்த இடம் துவரன். இரண்டு கப் வெந்த கோதுமையைத் தட்டில் பரப்பி 15 நிமிடம் காற்றாட விடுங்கள், ஈரத்தோடு போட்டால் பிசுபிசுக்கும். தேங்காய்த் துருவல் அரைக் கப், சின்ன உள்ளி 6, பச்சைமிளகாய் 2, பூண்டு 2 பல், சீரகம் கால் கரண்டி, மஞ்சள் கால் கரண்டி இவற்றைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக ஒதுக்கி எடுங்கள், மையாக அரைக்க வேண்டாம். மூன்று கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அரைப்பைப் போட்டுப் பச்சை வாடை போகும்வரை இரண்டு நிமிடம். பிறகு கோதுமை, உப்பு, இன்னும் மூன்று நிமிடம். வெந்த சிறுபயறு அரைக் கப் சேர்த்தால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. கஞ்சி வேண்டுபவர்கள் கோதுமையில் பாதியை மத்தால் கடைந்து, மீதியை முழுதாக விட்டு, மோரும் உப்பும் கலந்து குடிக்கலாம். தொட்டுக்கொள்ள நெத்தோலிக் கருவாடு வறுத்தது இருந்தால் வேறு வெஞ்சனம் கேட்காது.

பத்துக் கிலோ வாங்கி வைத்தேன், மழைக்காலம் வந்ததும் வண்டு. வசம்பும் வேப்பிலையும் போட்டும் போகவில்லை. குடோனில் வைக்கும் மாத்திரை ஒன்று போடலாமா?
— வாசகர், அருமனை

கூடவே கூடாது. கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும். மூடிய வீட்டுக்குள் அது ஆளைக் கொல்லும். பயிற்சி உள்ளவர்கள் கிடங்கில் கையாள வேண்டியது அது, அடுக்களைக்கு அல்ல.

வண்டு மணிக்குள் துளையிட்டு முட்டை வைத்து, துளையை அடைத்துவிடும். வசம்பும் வேப்பிலையும் வெளியிலிருந்து வருவதைக் கொஞ்சம் தடுக்கும், உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. வாங்கி வந்த அன்றே கோதுமையை 2 கிலோ பைகளாகக் கட்டி, ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள், முட்டையும் புழுவும் சாகும். எடுத்தபின் பையைப் பிரிக்காமல் வெளிச்சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே பிரித்தால் மணி வியர்த்து ஈரமாகும். அதன்பின் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, முழுக்க ஆறியதும் காற்றுப் புகாத டின்னில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தாலும் உள்ளே வியர்க்கும்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் ஈரக்காற்று டிசம்பர் வரை விட்டுவிட்டு இருந்துகொண்டே இருக்கும். பஞ்சாபில் பத்துக் கிலோ வைப்பது போல இங்கே வைக்க முடியாது. ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு கிலோவுக்கு மேல் வாங்காமலிருப்பதுதான் எல்லா மருந்தைவிடவும் லேசான வழி.

முளைகட்டிய கோதம்பை வேகவைக்கலாமா?
— வாசகி, இரணியல்

வைக்கலாம். 8 மணி நேரம் ஊறியதை ஈரத்துணியில் கட்டி, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை அலசினால் 24 மணி நேரத்தில் வேர் தலைகாட்டும். முளை மணியின் நீளத்தைத் தாண்ட விடாதீர்கள். முளைக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்குவதால் லேசாக இனிக்கும், குக்கரில் 10 நிமிடத்திலேயே வேகும், ஆனால் உதிரியாக நிற்காது. கஞ்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை, கறுப்புப் பூஞ்சை ஒரு மணியில் தெரிந்தாலும் முழுவதையும் கொட்ட வேண்டும்.

வீட்டில் கோதம்புப் புல் வளர்க்க விதைக் கடையில் வாங்கினேன். மணி ரோஸ் நிறத்தில் இருக்கிறது. மிச்சம் ஒரு கிலோ கிடக்கிறது, நன்றாகக் கழுவினால் சாயம் போகிறது. சமைக்கலாமா?
— வாசகர், களியக்காவிளை

வேண்டாம். அந்த நிறம், பூஞ்சைக்கொல்லி பூசிய விதை, உணவல்ல என்று காட்டுவதற்காகவே சேர்க்கப்படுவது. கழுவினால் சாயம்தான் போகும், மருந்து போகாது. 1971-72 குளிர்காலத்தில் ஈராக்கில் நடந்தது இதேதான். மீதைல் பாதரசம் என்ற நச்சுப் பூஞ்சைக்கொல்லியைப் பூசி விதைப்பதற்காகக் கொடுத்த தானியத்தை, சாயம் கழுவிப் போனதும் மருந்தும் போயிற்று என்று நம்பி ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள்; 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று பூசும் மருந்துகள் வேறு, ஆனாலும் அவை வயிற்றுக்கு உரியவை அல்ல. புல் வளர்த்துச் சாறு குடிப்பதற்கும் இந்த விதை ஆகாது, அதற்குச் சாப்பிடும் கோதுமையையே முளைக்கப் போடுங்கள். மிச்சத்தைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், விதை என்று பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள், அல்லது வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.